ஆயனச் சிற்பி என்ற தகப்பன்

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் வரும் ஆயனர் பல்லவ நாட்டின் தலைசிறந்த சிற்பி. நாட்டியக்காரி சிவகாமியின் தந்தை. தமிழ்ச் சரித்திர நாவல்களில் வீரர்களுக்கும் ஒற்றர்களுக்கும் சூழ்ச்சிக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. தாயில்லாத ஒரு மகளை வளர்த்து, அவளுக்குக் கலையைக் கொடுத்து, கடைசியில் அவளைக் காப்பாற்ற முடியாமல் நொடிந்துபோகும் தகப்பனைக் கதையின் மையத்துக்கு அருகில் வைத்த நாவல் அபூர்வம். நாவலைப் படித்தவர்களிடம் கேட்டால் முதலில், எதிரியின் தலைநகர் வாதாபி எரியாமல் ஊர் திரும்பமாட்டேன் என்ற சிவகாமியின் சபதத்தைச் சொல்வார்கள். பிறகு மாமல்லரின் காதலையும் நாகநந்தியின் வஞ்சத்தையும் சொல்வார்கள். ஆயனர் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். ஆனால் கதையின் முடிச்சுகள் பலவற்றை அவிழ்த்துப் பார்த்தால் அந்தக் கிழவரின் கை அங்கே இருக்கும்.

'கல்கி' வார இதழில் 1944 முதல் 1946 வரை இந்தத் தொடர்கதை வெளிவந்தது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நான்கு பாகங்கள். காலம் ஏழாம் நூற்றாண்டு. மகேந்திரவர்ம பல்லவர், அவர் மகன் நரசிம்மவர்மராகிய மாமல்லர், வாதாபியின் சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி, பிற்காலத்தில் சிறுத்தொண்டர் என்று பெரியபுராணம் போற்றும் பரஞ்சோதி, திருநாவுக்கரசர் ஆகியோர் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். பல்லவர் படை 642-ஆம் ஆண்டில் வாதாபியைக் கைப்பற்றியதும் வரலாறு. ஆயனரும் சிவகாமியும் நாகநந்தியும் கல்கியின் கற்பனை. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஆயனருக்கு இடமில்லை. மாமல்லபுரத்துப் பாறைகளைச் செதுக்கியவர்கள் யார் என்று காலம் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் கல்கி இந்தத் தகப்பனை உட்கார வைத்தார். அதனால் இவருடைய குணத்தில் உள்ள நல்லதும் கெட்டதும் முழுக்க நாவலாசிரியர் தேர்ந்து வைத்தவை.

ஆயனர் தலைநகரின் சந்தடியை விட்டு விலகி, காஞ்சிக்கு வெளியே காட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். வீடு முழுக்கச் சிலைகள். சீடர்கள் கல்லைத் தட்டும் ஓசை பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். சிவகாமிக்குத் தாய் இல்லை. வீட்டில் ஓர் அத்தை, ரதி என்ற மான், சுகர் என்ற கிளி. அந்த வீட்டுக்குள் வாசகர் முதலில் நுழையும்போது காணும் காட்சியிலேயே ஆயனரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. சிவகாமி ஓர் அபிநய நிலையில் அசையாமல் நிற்கிறாள். எதிரே ஆயனர், கையில் கல்லுளியோடு, அவளைப் பார்ப்பதும் கல்லைப் பார்ப்பதுமாக இருக்கிறார். மகள் ஆடுகிறாள், ஆட்டத்தின் ஒரு கணம் கல்லாகிறது. அடுத்த நிலை, அடுத்த கல்.

அந்தக் கண்களில் அன்பு இருக்கிறது. வேறொன்றும் இருக்கிறது. புருவத்தின் வளைவும் விரல் மடங்கும் விதமும் இடுப்பின் சாய்வும் அவருக்கு ஒரே நேரத்தில் மகளின் அழகாகவும் சிற்பத்துக்கான அளவாகவும் தெரிகின்றன. அவளுடைய மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கண்கள் நெடுநாள் பார்க்கவில்லை. பல்லவ இளவரசன் அடிக்கடி வந்து போவது சிற்பம் பார்க்கத்தான் என்று நம்புகிற அளவுக்கு அவர் வெள்ளை மனம் படைத்தவர். ஒவ்வொரு பாவத்தையும் அவள் முகத்தில் வரவழைக்கத் தெரிந்தவருக்கு, சொல்லிக்கொடுக்காமலே அவள் முகத்தில் வந்துவிட்ட பாவத்தை மட்டும் அடையாளம் தெரியவில்லை.

ஆயனர் மோசமான தந்தை இல்லை. மகளை அதட்டுவதில்லை, அடக்குவதில்லை, அவள் பேச்சைத் தட்டுவதில்லை. பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு கலை என்று கேட்பவரும் இல்லை. அந்த நல்ல குணங்களுக்கு நடுவில்தான் கல்கி குறையை வைக்கிறார். கொடுமைக்காரத் தகப்பனைக் கண்டிப்பது எளிது. பாசமுள்ள தகப்பன், தன் ஆசையையும் மகளின் நன்மையையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டால், அதை யார் எடுத்துச் சொல்வது? மகளுக்கே அது தெரியாது.

இப்படிப்பட்ட தகப்பன்களை இன்றும் பார்க்கலாம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய, பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் உட்பட, கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் பல உள்ளன. வார இறுதிகளில் அவற்றின் வாசலில் நின்று பார்த்தால் ஆயனரின் உறவினர்கள் கண்ணில் படுவார்கள். கிள்ளானிலிருந்து காலையிலேயே காரோட்டி வந்த தகப்பன், மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு தே தாரிக்கோடு வெளியே காத்திருக்கிறார். உள்ளே தட்டுக்கழியின் சத்தம். மகள் சலங்கை பூஜை முடித்துவிட்டாள்; அடுத்தது அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியக்காரர்கள், உடை, அழைப்பிதழ் என்று வெள்ளி கரைகிறது. அவர் முகம் சுளிப்பதில்லை. மகள் வெளியே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, இன்று எந்த உருப்படி என்பதா, கால் வலிக்கிறதா என்பதா? ஆயனர் கதை இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நடக்கிறது.

நாவலில் ஆயனரை ஆட்டிப்படைக்கும் ஆசை அஜந்தா வர்ண இரகசியம். கல்லில் செதுக்கியது நிற்கும்; சுவரில் எழுதிய சித்திரம் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அஜந்தா குகைகளிலோ நூற்றாண்டுகள் கடந்தும் வண்ணங்கள் நேற்றுத் தீட்டியவைபோல் ஒளிர்வதாக அவர் கேள்விப்படுகிறார். அந்த வண்ணக் கலவையைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்பது அவருடைய தவிப்பு.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு விளங்கும். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் ராஜகோபுரமானாலும் கிள்ளான் கோயில்களின் கோபுரங்களானாலும், வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இந்தச் சீதோஷ்ணத்தில் வர்ணம் வெளுத்துக்கொண்டே இருக்கும். கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டி, சுதைச் சிற்பங்களைப் பழுதுபார்த்து, மீண்டும் வர்ணம் பூசுவார்கள். சுதைக்கு வர்ணம் பூசும் கைகளுக்குத் தெரியும், அது பன்னிரண்டு ஆண்டு தாங்கினாலே பெரிது என்று.

உண்மையில் அஜந்தாவில் மந்திர மூலிகை எதுவும் இல்லை. குகையின் சொரசொரப்பான பாறைமேல் மண்ணும் உமியும் செடி நார்களும் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு மெழுகி, காய்ந்த தளத்தில் பசை கலந்த வண்ணங்களைத் தீட்டினார்கள். செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், புகைக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. நீலத்துக்கு மட்டும் தொலைவிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற கல். மண்ணிலும் கல்லிலும் பிறந்த நிறங்கள் என்பதாலும், குகைக்குள் வெயில் குறைவு என்பதாலும் அவை தாக்குப்பிடித்தன. கற்சிற்பியான ஆயனர் வாழ்நாளெல்லாம் தேடிய விடை, அவர் காலடியில் கிடந்த மண்ணுக்கு மிக அருகில் இருந்தது. நாவல் இதைச் சொல்வதில்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படிக்கும் வாசகருக்கு அந்தக் கிழவர்மேல் இரக்கம் கூடும்.

நாகநந்தி என்ற பிக்ஷு வேடதாரி இந்த ஆசையைத்தான் பிடித்துக்கொள்கிறான். அவன் வாதாபியின் ஒற்றன். புலிகேசியோடு உருவ ஒற்றுமை கொண்ட உடன்பிறந்தவன். அஜந்தா இரகசியம் தெரிந்தவர் நாகார்ஜுன மலையில் இருக்கிறார் என்று அவன் சொன்னதும் ஆயனர் குழந்தையாகிவிடுகிறார். தன்னிடம் சிற்பம் கற்க வந்த பரஞ்சோதியை ஓலையோடு அனுப்பச் சம்மதிக்கிறார். ஓலையில் எழுதியிருப்பது வண்ணத்தைப் பற்றி இல்லை. புலிகேசிக்கு நாகநந்தி அனுப்பும் செய்தி. ஓலையைச் சுமக்கும் பரஞ்சோதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதம் பிடித்த யானைமேல் வேலெறிந்து ஆயனரையும் சிவகாமியையும் காப்பாற்றிய பையன் அவன். கல்வி தேடி ஊரைவிட்டு வந்தவன். அவனை அத்தனை தூரம் தனியாக அனுப்புகிறோமே என்ற உறுத்தல் ஆயனருக்கு வராமல் இல்லை, ஆனால் வண்ணத்தின் மயக்கம் அதை மூடிவிடுகிறது.

இந்த இடத்தில் கல்கியின் கதைக்கட்டு வியக்க வைக்கிறது. அந்தப் பயணம்தான் பரஞ்சோதியை மகேந்திரரின் கண்ணில் பட வைக்கிறது, சளுக்கர் பாசறையைக் காட்டுகிறது, போர்க்களத்துக்குக் கொண்டு போகிறது. பின்னாளில் வாதாபியை எரித்துச் சிவகாமியின் சபதத்தை நிறைவேற்றும் படைக்குத் தலைவனும் அவன்தான். ஆயனரின் பேராசை மகளுக்கு ஆபத்தையும் வரவழைத்தது, அவளை மீட்கும் கையையும் உண்டாக்கியது. ஆயனருக்கு இரண்டுமே தெரிந்து நடந்தவை அல்ல.

ஆயனருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தகப்பன் மகேந்திர பல்லவர். வரலாற்று மகேந்திரருக்கு விசித்திரசித்தர், மத்தவிலாசர், சித்திரகாரப்புலி என்று பட்டங்கள் உண்டு; 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவர்; செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்தவர். நாவலில் அவர் ஆயனரின் நண்பர். காட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கலை பேசுவார். சிற்பியும் சக்கரவர்த்தியும் ஒருவரையொருவர் மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், தங்கள் பிள்ளைகளைத் தவிர.

மகேந்திரர் மகனைக் காஞ்சிக் கோட்டைக்குள்ளேயே இருத்திவிட்டுத் தான் வடக்கே போர்முனைக்குப் போகிறார். மாமல்லனுக்கு ரத்தம் கொதிக்கிறது. தந்தை இடம் கொடுப்பதில்லை. சிவகாமியை மகன் விரும்புவது தெரிந்ததும், நாட்டின் நலத்தை முன்னிட்டு இருவரையும் பிரித்து வைப்பதில் இறங்குகிறார். அவள் கலைக்காகப் பிறந்தவள், சாதாரண இல்வாழ்க்கை அவளுக்கு ஏற்றதன்று என்ற எண்ணத்தை ஆயனர் மனத்தில் விதைக்கிறார். ஆயனருக்கு அது சக்கரவர்த்தி தன் மகளுக்குத் தந்த புகழாரமாகவே படுகிறது. ஒரு தகப்பன் ராஜதந்திரத்தால் மகளை விலக்குகிறார். இன்னொரு தகப்பன் கலைப்பித்தால் அதற்குத் தலையாட்டுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண்ணிடம் அவள் விருப்பம் என்ன என்று கேட்க ஒருவரும் இல்லை. நாவலின் முதல் பாகத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். பின்னால் வரும் கொள்ளையும் தீயும் இதன்பின் வாசகருக்கு முழு ஆச்சரியமாக இருப்பதில்லை.

மூன்றாவதாகத் திருநாவுக்கரசர் என்ற அப்பர். காஞ்சியில் உள்ள அவருடைய மடத்துக்கு ஆயனர் மகளை அழைத்துப் போகிறார். இறைவன் பெயரைக் கேட்டு, அவனிடம் மனம் பறிகொடுத்து, எல்லாவற்றையும் துறக்கும் பெண்ணைப் பற்றிய அப்பரின் பாடலுக்குச் சிவகாமி அபிநயம் பிடிக்கிறாள். முடிவில் மூர்ச்சையாகி விழுகிறாள். ஆயனருக்கு அது கலையின் உச்சம். அப்பருக்கோ அந்தப் பெண்ணின் உள்ளே இருக்கும் கொதிப்பு கண்ணுக்குப் படுகிறது. துறவி கண்டதைப் பெற்றவர் காணவில்லை. அதே பாடல் நாவலின் கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் திரும்பி வரும்போது, முதல் முறை அது ஒலித்ததை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்குத் தொண்டை அடைக்கும்.

காஞ்சி முற்றுகைக்குப் பின் சுரங்க வழியாக வெளியேறிய தந்தையும் மகளும் சளுக்கர் கையில் சிக்குகிறார்கள். பல்லவ நாட்டுச் சிற்பங்களைச் சிதைக்கவும் சிற்பிகளை அங்கவீனராக்கவும் புலிகேசி ஆணையிட்டிருக்கிறான். தந்தையின் உயிருக்காக மகள் மன்றாடுகிறாள். அதுவரை அவளைத் தாங்கிய கை இப்போது தாங்கப்படும் கையாகிறது. ஆயனர் உயிர் பிழைக்கிறார். கால் முறிந்து முடமாகிறார். சிவகாமி வாதாபிக்குச் சிறையாகப் போகிறாள். அங்கே நாற்சந்தியில், கட்டுண்ட தமிழ் மக்கள்மேல் சாட்டை விழாமல் இருக்க, அவள் ஆட வேண்டியதாகிறது. தந்தை தெய்விகம் என்று சொல்லிக் கொடுத்த அடவுகள் எதிரி ஊரின் தெருவில் விலையாகக் கொடுக்கப்படுகின்றன. ஆடும் மகள் அங்கே, நடக்க முடியாத தகப்பன் இங்கே. கல்கி இதை உபதேசமாக எங்கும் விளக்குவதில்லை. இரண்டு உடல்களையும் அப்படி வைத்துவிட்டுக் கதையை நகர்த்திவிடுகிறார். அந்த நிதானம்தான் ஆயனரைக் கேலிக்குரியவராகவோ குற்றவாளியாகவோ ஆக்காமல் காக்கிறது.

மகேந்திரருக்கும் இதே போன்ற முடிவு. புலிகேசியை நகருக்குள் விருந்தினனாக அழைத்தது உட்படத் தன் பிழைகளைப் படுக்கையில் கிடந்தபடி ஒப்புக்கொள்கிறார். சிவகாமியை மீட்டு வரும் கடமையை மகனிடம் விடுகிறார். அதே நேரத்தில் பாண்டிய இளவரசியை மணக்கும் கடமையையும் சேர்த்தே விடுகிறார். மன்னிப்புக் கேட்கும்போதுகூடச் சக்கரவர்த்தியாகவே இருக்கிறார். ஆயனரிடம் அப்படிப் பிரகடனம் ஏதும் இல்லை. எஞ்சியிருப்பது, மகள் எங்கே என்ற கேள்வி ஒன்றுதான். வண்ணத்தைக் கேட்டுக் கேட்டு அலைந்த வாய் இப்போது மகளைக் கேட்கிறது. ஆயனர் முழுத் தகப்பனாவது அங்கேதான் என்று சொல்லலாம். ஆனால் காலம் கடந்துவிட்டது.

ஆயனரைக் கல்கி எங்கிருந்து பிடித்தார் என்பதற்கு நாவலுக்கு வெளியேயும் பார்க்கலாம். கதை வெளிவந்த 1940களில் பரதநாட்டியத்தின் தலையெழுத்தே மாறிக்கொண்டிருந்தது. ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியிருந்தார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. குடும்பப் பெண்கள் மேடையேறலாமா என்ற வாதம் வீட்டுக்கு வீடு நடந்தது. கல்கியின் மகள் ஆனந்தி, 'கல்கி' இதழை அவரோடு சேர்ந்து நடத்திய சதாசிவத்தின் மகள் ராதாவோடு வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் கற்று, இருவரும் சேர்ந்து மேடையில் ஆடினார்கள். நாட்டியம் பயிலும் மகளைப் பெற்ற தகப்பன் என்ற இடத்தில் நின்றுதான் கல்கி ஆயனரை எழுதியிருக்கிறார். மகளின் அரங்கேற்றத்தில் ஒரு தகப்பனுக்கு உண்டாகும் பூரிப்பை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர், அதன் அபாயத்தையும் அறிந்திருந்தது நாவலுக்குக் கிடைத்த வரம்.

கல்கியின் மற்றத் தகப்பன்களில் இவருக்கு மிக அருகில் வருபவர் 'பார்த்திபன் கனவு' நாவலின் சோழ மன்னன் பார்த்திபன். அவனும் சித்திரக்காரன். தன் கனவுகளைச் சுவரில் தீட்டி, அவற்றை நனவாக்கும் பொறுப்பைச் சிறுவனான மகன் விக்கிரமனிடம் கொடுத்துவிட்டுப் போர்க்களத்தில் சாகிறான். அங்கே தகப்பனின் கனவு மகனுக்குப் பாதை காட்டுகிறது. ஆயனரிடம் அதே கனவு சுமையாகிறது. பால்சாக் 1835-இல் எழுதிய 'பேர் கோரியோ' நாவலில் வரும் பாரிஸ் நகரத்துக் கிழவர், மகள்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்து ஏழையாகிச் சாகிறார். அவர்கள் நேரத்துக்கு வந்து பார்ப்பதில்லை. ஹார்ப்பர் லீ 1960-இல் படைத்த வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச், பிள்ளைகளைச் சமமானவர்களாக நடத்திப் பேசும் தகப்பனாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறார். ஆயனர் கோரியோவைப் போல மகளால் கைவிடப்பட்டவர் இல்லை. சிவகாமியின் பாசம் கடைசிவரை குறைவதில்லை. அட்டிகஸைப் போல மகளோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசத் தெரிந்தவரும் இல்லை. தமிழ் வீடுகளில் நிறையப் பேருக்குப் பழக்கமான தகப்பன் இவர்: உயிரைக் கொடுப்பார், கேட்கத் தெரியாது.

சிவகாமி ஒன்பது ஆண்டு கழித்துக் காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லருக்கு மனைவியும் மக்களும் இருக்கிறார்கள். வீதியுலாவில் அவர்களைக் காணும் அவள், ஏகாம்பரநாதர் சந்நிதியில் தானே மாங்கல்யம் அணிந்துகொண்டு இறைவனுக்கே தன்னைக் கொடுக்கிறாள், பிறகு ஆடுகிறாள். காட்டு வீட்டில் ஒவ்வொரு நிலையிலும் தந்தையின் உளிக்காக அசையாமல் நின்று பழகிய பெண் இங்கே யாருக்காகவும் நிற்கவில்லை. அந்த ஆட்டத்தைக் கல்லில் எடுக்க எதிரே உளியோடு ஒருவரும் இல்லை.